பிரிக்காத பொட்டலம்

தம்பி,

வாழையிலையில் மடித்து நூல் சுற்றிய பொட்டலம் ஒன்று என் எதிரில் ஜன்னல் கட்டையின்மேல் இருக்கிறது. இலை வாடிக் கறுத்துவிட்டது. உள்ளே பூ அழுகத் தொடங்கி, அந்த நெடி அறை முழுக்க நிற்கிறது. பூவாசம் என்று இதைச் சொல்ல முடியாது. திருவிழா முடிந்த மறுநாள் கோயில் பின்பக்கம் அடிக்குமே, அந்த நெடி. இது மூக்கில் ஏறினால் போதும், நீ வந்து நிற்பாய். இத்தனை வருசமாகியும் அது மாறவில்லை.

உள்ளறையில் நிவேதா படுத்திருக்கிறாள். என் மகன் முருகேசனுடைய பெண். நீ போனபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொல்லி உன்னைத்தான் துரத்துவாள். இப்போது வளர்ந்து, படித்து, உன்னைப் போலவே பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதினாள். இந்தச் சுற்று வட்டாரத்தில் நம் குடும்பத்தில்தான் இரண்டு பேர் அந்த வேலைக்குப் போனார்கள் என்று நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள். பொங்கலுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், குளி என்றால் குளிக்கிறாள். சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அதே அறை தம்பி. அதே சுவர். நீ பார்த்துக்கொண்டு கிடந்த அதே சுவர்.

அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் கடிதாசி எழுதுகிறாள் என்று நீ சிரித்தால் சிரி. எனக்கு வேறு ஆள் இல்லை. இந்த நோயை உள்ளே இருந்து பார்த்து, பார்த்ததை என்னிடம் வந்து சொன்ன மனுசன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறேன், ஏதாவது ஒன்று இவளைப் பிடித்து நிறுத்துமா என்று.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு வருகிறது.

அந்தக் களி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை ஊருக்கு வந்திருந்தாய். மொரப்பூரில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, கால்சட்டையெல்லாம் புழுதியோடு வந்தாய். அம்மா உன்னைக் கேட்டாள், அப்படி என்னதான் வேலை என்று. நீ என்னென்னவோ சொன்னாய். அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் அடுப்படிக்கு வந்து என் கையிலிருந்த களி கிண்டும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டாய்.

"அக்கா, என்னை மெஷினுன்னு வெச்சுக்க. நீ சொல்றதை மட்டும் செய்வேன். சொல்லாதது எதையும் செய்யமாட்டேன். சொல்லு."

எனக்கென்ன, வேலை மிச்சம் என்று சொன்னேன். தண்ணீர் வை. கொதி வந்ததும் கேழ்வரகு மாவைப் போடு. கிண்டு. சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அங்கே எதிர்வீட்டுக்காரி பேச்சுக் கொடுத்தாள், நானும் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. சட்டி அடி பிடித்து, களி கரிக்கட்டையாகி, நீ வேர்த்து ஒழுகிக்கொண்டு இன்னும் கிண்டிக்கொண்டிருக்கிறாய். முகத்தில் சிரிப்பு வேறு.

"நிறுத்துன்னு நீ சொல்லலையே அக்கா."

அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். நீ முற்றத்துக்கு ஓடி, அங்கே நின்றுகொண்டு சொன்னாய்: எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் உன் வேலையாம். அதை எழுத மறந்தால் மெஷின் தீயும்வரை கிண்டுமாம். தீய்ந்த பிறகும் கிண்டுமாம். தீய்கிறது என்று அதற்குத் தெரியாதாம். அன்றைக்கு எல்லாரும் அந்தக் கருகல் களியைத்தான் தின்றோம். அம்மா மூன்று நாள் உன்னை மெஷினு என்றே கூப்பிட்டாள்.

அப்போது அது விளையாட்டு. பிறகு அந்த ஒரு பேச்சு எத்தனை இடத்தில் வந்து முட்டப்போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

அப்பா விழுந்து படுத்தபோது நீ வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாய். அப்பா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டாய். உன்னை இங்கே பிடித்து வைத்தது தண்ணீர். நம் கீழ்த்தெருவுக்கு வந்தது உப்புத் தண்ணீர். அதைக் குடித்து நம் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மேட்டுத் தெருவில் நல்ல தண்ணீர் போர்வெல். ஊருக்குப் பொதுவென்று போட்டதுதான், குழாய் மட்டும் மேட்டுத் தெருவோடு நின்றுவிட்டது. நீ எழுதிக் கொடுத்தாய், அலைந்தாய். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தலைவர் மேட்டு வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. எப்போதும் அந்த வீடுதான்.

நம் ஊரில் தலைவருக்கு ஓட்டுப் போட்டதே கிடையாது. போட்டி வந்தால் ஊர் இரண்டாகும் என்பார்கள். அதனால் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெளியூர் ஆட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, மூத்தவர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி கேள்வியைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பெண் கொடுப்பது, கிணறு தோண்டுவது, எல்லாம் அப்படித்தான். என் கல்யாணத்துக்கே அப்படித்தான் கேட்டார்கள். தலைவருக்கும் அப்படியே. வெள்ளை வந்துவிட்டால் வேறு யாரும் மனு போட மாட்டார்கள்.

தேர்தல் வந்தது. பூக் கேட்பதற்கு முதல் நாள் நாம் இரண்டு பேரும் நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். நீ எடுத்தது களையா செடியா என்று பார்த்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன். அப்போது சொன்னாய்.

"எத்தனை தடவை கேட்டாலும் 'இவரு தலைவரா இருக்கலாமா'ன்னு ஒரே ஆளைப் பத்தித்தான் கேக்கறாங்க. அம்மன் வாயில நாம ரெண்டே ரெண்டு வார்த்தைதான் வெச்சிருக்கோம், ஆமான்னும் இல்லைன்னும். கேள்வியை எவன் எழுதறானோ அவனே பாதி பதிலையும் எழுதிடறான் அக்கா."

நான், "உன் கம்ப்யூட்டரை அம்மன்கிட்ட கொண்டு வராத" என்றேன்.

"மூணும் ஒண்ணுதான்" என்றாய். மெஷினும், ஊரும், மனசும். மூன்றும் யாரோ எப்போதோ சொல்லி வைத்ததைத்தான் செய்துகொண்டிருக்கின்றன, சொன்னது யார் என்று கேட்காமல். மெஷினில் பிழை வந்தால் மெஷினை உதைக்கக்கூடாது, சொன்னதைத் திருத்த வேண்டும். ஊரிலும் அதையே செய்யலாம் என்று நீ நம்பினாய். மண்ணள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒரு தெளிவான முகத்தோடு சொன்னாய்.

மறுநாள் கோயிலில் குழந்தை எடுத்தது. வெள்ளை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கும்பிடு இறங்குவதற்குள் கூட்டத்தில் உன் குரல் கேட்டது. இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டச் சொன்னாய்.

யாரும் அப்படிக் கேட்டதில்லை தம்பி. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, அது அம்மன் சொல்லாத சொல். மேட்டு வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மனையே சந்தேகப்படறியா கண்ணு?"

"அம்மனை இல்லீங்க. மடிச்சவங்களை."

பூசாரி குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். நேராகப் போய்க் கோயில் கிணற்றில் போட்டார். உள்ளே வெள்ளையா சிவப்பா என்று அந்தக் கிணற்றுக்குத்தான் தெரியும்.

நீ மனு போட்டாய். நம் ஊரில் தலைவருக்கென்று முதல்முதலாக ஓட்டுப் பெட்டி வந்தது. தோற்றாய். நம் தெருவிலேயே பாதிப் பேர் உனக்குப் போடவில்லை. போடாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் மேட்டுத் தெருக்காரர் காட்டில்தான் கூலிக்குப் போக வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வருசம் மாம்பூ கொட்டிப் போனது. மழையும் தள்ளிப் போனது. சாமிக் குத்தம் என்றார்கள். டீக்கடையில் நீ உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். கல்யாணப் பத்திரிகை பக்கத்து வீட்டோடு நின்றது. யாரும் உன்னைத் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. போலீசிடம் போய்ச் சொல்லக்கூட எதுவும் இல்லை. ஊர் உன்னைப் பார்க்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருசம் சிரித்துக்கொண்டே சமாளித்தாய். பிறகு அவர்களே மறந்துபோனார்கள். டீக்கடைக்காரன்கூட ஒரு நாள், "எங்க உன் தம்பியைக் காணோம்?" என்று கேட்டான். அதை நான் ஓடி வந்து உன்னிடம் சொன்னேன், சந்தோசப்படுவாய் என்று. சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாய். அந்தக் குரலை இன்னும் என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

"வெளியில அவங்க நிறுத்திட்டாங்க அக்கா. இப்ப உள்ள நானே சொல்லிட்டிருக்கேன். அவங்க சொன்னதுதான், ஆனா என் குரல்ல ஓடுது. யாரோ எழுதினதை என் மூளை ஓட்டிட்டிருக்குது. நிறுத்துன்னு எழுதலை."

மந்திரித்த கயிறு கட்டினோம். கோழி சுற்றிப் போட்டோம். மனசுக்கென்று ஒரு டாக்டர் இருப்பார் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் உனக்கு எழுந்து உட்காரவே முடியவில்லை, நீ எங்கே போய் டாக்டரைத் தேடுவது?

கடைசியாக நீ என்னிடம் முழுசாகப் பேசியது ஒரு மத்தியானம். நான் உனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். "ஒரே கேள்விதான் அக்கா ஓடுது. இருக்கலாமா, வேண்டாமா. நாள் முழுக்க உள்ள பூக் கேட்டுட்டே இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் வெள்ளைதான் வந்துட்டிருக்குது" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு, பயப்படாதே என்பதுபோல் என் கையைத் தட்டிக் கொடுத்தாய்.

ஒரு நாள் உனக்குச் சிவப்பு வந்துவிட்டது. நீயாகவே போய்விட்டாய். ஊருக்கு நாங்கள் சொன்னது நெஞ்சுவலி. இந்தத் தாளில் அப்படி எழுத என் கை வரவில்லை.

மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புரண்டு படுத்திருக்கிறாள். போர்வையை விலக்கிக் காலைத் தொட்டேன். சூடு இருக்கிறது. காலை இழுத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

இவளுக்கு என்ன ஆனது என்று கேட்பாய். உன்னை ஊர் ஒதுக்கியது, இவளை மெஷின் ஒதுக்கியது. இவள் எழுதிக்கொண்டிருந்ததை இப்போது மெஷினே எழுதிக்கொள்கிறதாம். சொன்னால் போதுமாம், அதுவே எழுதி, அதுவே திருத்துமாம். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு நாள் முழுக்கப் பேசியிருப்பாய். இவளோடு ஒரு கூட்டத்தையே ஒரு காலையில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வேறு கம்பெனி பார்க்கலாம் கண்ணு என்றேன். பார்த்தேன் ஆயா என்றாள். நீ வாங்கின மார்க்கு என்ன, உன் அறிவென்ன என்றேன். அப்புறம் கேட்டாள்.

"நான் எதுக்கு ஆயா?"

வார்த்தைதான் வேறு. கேள்வி அதே கேள்வி. வளைந்து வளைந்து உன் கேள்வியிடம்தான் போய் நிற்கிறது. இவள் உள்ளேயும் எவனோ பூப் போட ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். நாள்தோறும் சொன்னேன். முருகேசன் கெட்டவன் இல்லை, பயந்தவன். "மனசு டாக்டர்கிட்ட போனோம்னு தெரிஞ்சா இவளை எவன் வூட்டுல எடுப்பாங்க? மாமன் மாதிரின்னு இப்பவே பேசறாங்க" என்றான். அவன் மாமன் நீ. உன் பேரைச் சொல்லியே இவளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். இவள் அம்மா வசந்தா ஒரு பக்கம் அழுகிறாள், ஒரு பக்கம் வேண்டுதல் வைக்கிறாள். காய்ச்சல் வந்தால் பூக் கேட்டா ஊசி போடுகிறாய் என்று மகனைக் கேட்டேன். இது காய்ச்சலா என்று திருப்பிக் கேட்டான். சத்தம் போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவன் இறங்கி வந்தது ஒரே இடத்துக்குத்தான். வெள்ளிக்கிழமை அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

பாதிக்குப் பாதி. என் பேத்தியின் உயிர் ஒரு குழந்தை எந்தப் பக்கம் கை நீட்டுகிறது என்பதில். வியாழக்கிழமை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் படத்துக்கு முன்னால் போய் நின்று உன்னைத் திட்டினேன். இத்தனை படித்தாயே, எனக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போனாயா என்று கேட்டேன்.

வீட்டில் மூத்தவள் நான் என்பதால் பொட்டலம் மடிப்பதும் நான், கேள்வி சொல்வதும் நான். காலையில் குளித்துவிட்டு வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்கு அரளியும் பறித்து வந்து உட்கார்ந்தேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்துவிடலாம் என்று கை போனது. யார் பார்க்கப் போகிறார்கள்? எடுக்காத பொட்டலத்தைத்தான் பிரிக்க மாட்டார்களே. கை போய், நின்றது. அன்றைக்கு நீ கேட்டது மடித்தவர்களைத்தானே. நானும் அப்படி மடித்துவிட்டால் நீ கேட்டது வீண். நீ பட்டதெல்லாம் வீண். அரளியை எடுத்து வைத்து ஒழுங்காக மடித்தேன். மடித்துக்கொண்டே இருக்கும்போது நிலக்கடலைக் காடும், உன் கையிலிருந்த மண்ணும் ஞாபகம் வந்தன. கேள்வியை எவன் எழுதுகிறானோ. அந்த இடத்தில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். தம்பி, இந்தத் தடவை கேள்வி எழுதுகிறவள் நான்.

கோயிலில் பூசாரி, முருகேசன், வசந்தா, நான். பூசாரி பழைய பூசாரியின் மகன். நிவேதா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், யார் வீட்டுக் காரியமோ என்பதுபோல். பொட்டலம் எடுக்க எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தோம். பூசாரி தலையாட்டினார். நான் அம்மனைப் பார்த்துக் கையெடுத்து, கடைசித் தூண்வரை கேட்கும்படி சொன்னேன்.

"தாயே, இந்தப் புள்ளைய டாக்டர்கிட்ட இன்னிக்கே கூட்டிட்டுப் போறதா, நாளைக்குக் கூட்டிட்டுப் போறதா? இன்னிக்குன்னா வெள்ளையக் குடு. நாளைக்குன்னா சிவப்பக் குடு."

"அம்மா" என்றான் முருகேசன். பூசாரி, "ஆயா, கேள்வி தப்புங்க. ஒழுங்காக் கேளுங்க" என்றார். அம்மன் சன்னதியில் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது என்று அவருக்கே தெரியும். "நான் ஒழுங்காத்தான் கேட்டேன் சாமி. அவளுக்கு வெளங்கிருச்சு, உங்களுக்குத்தான் வெளங்கலை" என்றேன். சின்னப் பெண் யாருக்கும் காத்திராமல் குனிந்து ஒன்றை எடுத்துவிட்டது.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

முருகேசனின் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். அத்தோடு முடிந்தது. இவளை இந்தச் சுவரிடம் விட்டுவிட்டு எல்லாரும் கை கழுவியிருப்பார்கள், அம்மன் சொன்னாள் என்று. முருகேசனுக்கும் அது புரிந்துவிட்டது. அரளியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்மா" என்றான்.

எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி கிணற்றில் போட எடுத்தார். நான் கையை நீட்டி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அந்தக் கிணற்றுக்கு ஒரு பொட்டலம் போதும்.

மறுநாள் தருமபுரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நிவேதாவைவிடக் கொஞ்சம் பெரிய பெண், அவ்வளவுதான். எங்களை வெளியே அனுப்பிவிட்டு இவளிடம் வெகுநேரம் பேசினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டாள். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். நான் உன்னைச் சொன்னேன். நெஞ்சுவலி என்று சொல்லவில்லை, உள்ளது உள்ளபடி சொன்னேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒரு வெளி ஆளிடம். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இது குணமாகிற நோய்தான் என்றாள். மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள் பாட்டி என்றாள்.

அதுவரை. அந்த ஒரு சொல்லில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன். மாத்திரை உள்ளே போகிறது, என்ன செய்கிறது என்று தெரியவில்லை. சிரிப்பு வரவில்லை, பேச்சு வரவில்லை. தூக்கம் மட்டும் வருகிறது. அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. எனக்கும் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, இவளும் போய்விடுவாளா, இவளும் போய்விடுவாளா என்று. நிறுத்து என்று வெளியில் இருந்து சொல்ல எனக்கும் ஒருத்தர் இல்லை. உனக்கு எழுதுகிறேன், ஓடுவது அந்த நேரத்துக்கு நிற்கிறது.

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் அவளே எழுந்து வந்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன ஆயா நாத்தம்?"

பூ என்றேன். கோயிலில் எடுக்காத பொட்டலம் என்றேன். ஜன்னலையே பார்த்தாள்.

"அதுல வெள்ளைதான் இருக்குதா?"

"நாந்தான மடிச்சேன்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"நான் மடிச்சதை நானே எதுக்குப் பாக்கணும்?"

"பாக்காம எப்படிச் சொல்ற?"

வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகின இலையைக் கையில் எடுத்து, நூலின் முனையைத் தேடி, நிதானமாகச் சுற்றை அவிழ்த்தாள். எத்தனை நாளாயிற்று இவள் விரல் ஒரு வேலை செய்து. இலை பிரிந்தது. நந்தியாவட்டை பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது, ஆனாலும் வெள்ளை வெள்ளைதான் என்று தெரிந்தது. ஒரு பூவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப நெசமாத்தான் கேட்டிருக்க. ஆனா ரெண்டு பக்கமும் ஆஸ்பத்திரிக்குத்தான போவுது."

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"உன் பெங்களூர் தாத்தா."

சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் ஏதோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது, என் ஆசைக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ. பூவை இலையோடு என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்ப் படுத்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். முகம் சுவர்ப் பக்கம்தான்.

உன்னைத் திட்டினேன் அல்லவா, வழி சொல்லாமல் போனாய் என்று. சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். கேள்விக்குள் ஒரு ஆள் மாட்டிக்கொண்டால், பதிலைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. இரு இரு என்று நான் ஆயிரம் தடவை சொன்னாலும், இருக்கலாமா வேண்டாமா என்பதுதான் அங்கே ஓடும். கேள்வியையே மாற்றிப் போட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் நாளைக்குக் காலையில் போய் நிற்கிற மாதிரி ஒரு கேள்வி. உன்னிடமிருந்து என் கையில் மிஞ்சியது இது ஒன்றுதான். இது இவளைப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது.

கொஞ்சம் முன்னால் கதவருகே போய் நின்று கேட்டேன். நாள்தோறும் இந்த நேரத்துக்குக் கேட்கிறேன்.

"கண்ணு, நாளைக்குக் காலையில களியா, தோசையா?"

பதில் வரவில்லை.

அடுப்படிக்குப் போய்க் கேழ்வரகு மாவைச் சலித்து எடுத்து வைத்தேன். அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன்.

உன் அக்கா